மூன்றாம் ஓலைக்கு முன் தின்ற லட்டு

திருப்பதிக்குப் போகிறேன் என்றதும் ஆபீசில் இருந்த அத்தனை பேரும் லட்டு வாங்கி வரச் சொன்னார்கள். நான் கிறிஸ்தவன், மலையேறும் உத்தேசம் இல்லை, பன்னிரண்டு வயதிலிருந்து நீரிழிவுக்காரன். காரணங்கள் கைவசம் இருந்தும் ஒன்றையும் சொல்லவில்லை. "பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வருஷக்கணக்காகக் காரணம் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப் போயிருக்கிறது.

எங்கள் கம்பெனி பள்ளிக்கூடங்களுக்குச் சுவர்ப் படங்கள் விற்கிறது. யுத்தம் வந்த பிறகு உலகப் படத்தை எவரும் வாங்குவதில்லை. எந்த எல்லை நாளைக்கு இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? மனித எலும்புக்கூட்டுப் படம் மட்டும் தடையில்லாமல் போகிறது. அந்தப் படச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு திருப்பதிப் பள்ளிக்கூடங்களைப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சித்தூரில் இருக்கவேண்டும் என்பது என் திட்டம். ஞாயிறுதான் முக்கியம். அன்றைக்குச் சித்தூர்ச் சபையில் எனக்கும் எஸ்தருக்கும் மூன்றாம் ஓலை.

ஓலை என்றால் பனையோலை அல்ல. எங்கள் சபைகளில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஆராதனையில் பெண், மாப்பிள்ளை பெயரைப் போதகர் உரக்க வாசிப்பார். காகிதத்தில் எழுதியிருந்தாலும் அதற்குப் பெயர் ஓலைதான். தடை சொல்ல விரும்புகிறவர் எழுந்து சொல்லலாம். மூன்றாம் ஓலைக்கு மாப்பிள்ளை பெண்ணின் சபைக்கு வந்து எல்லார் கண்ணிலும் படும்படி முன்வரிசையில் உட்கார வேண்டும் என்பது சித்தூர்க்காரர்கள் வைத்திருக்கும் வழக்கம். மாடு வாங்குகிறவர்கள்கூட ஒரு தடவை நேரில் பார்ப்பார்கள் அல்லவா, நியாயம்தான்.

மற்றவர்களுக்குப் பிரயாணம் என்றால் பெட்டியும் படுக்கையும். எனக்கு அதோடு ஒரு மண்கூஜா. அதற்குள் ஈரத்துணி சுற்றிய இன்சுலின் குப்பி. பெட்டியில் கண்ணாடி ஊசிக்குழல், ஸ்பிரிட் விளக்கு, பரிசோதனைக் குழாய், நீலத் திராவகம். சிறுநீரில் சில சொட்டு எடுத்து அந்தத் திராவகத்தில் விட்டுக் காய்ச்ச வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இறங்கவில்லை, நல்ல நாள். பச்சை என்றால் சுமார். செங்கல் நிறம் என்றால் அன்றைக்கு யாரும் என்னோடு பேசாமல் இருப்பது நல்லது.

எனக்கு நோய் கண்ட சமயத்தில் இந்த இன்சுலின் மருந்து மதராஸுக்கு வந்து வெகுகாலம் ஆகவில்லை. அதற்கு முன்னால் இந்த நோய் வந்த பிள்ளைகளைப் பட்டினி போட்டே சில மாதம் ஓட்டினார்கள், அப்புறம் ஓட்டவில்லை என்று டாக்டர் என் அப்பாவிடம் சொன்னார். திரைக்கு இந்தப் பக்கம் படுத்திருந்த எனக்கும் அது கேட்டுவிட்டது. அப்படிப்பட்டவன் படித்து, பரீட்சை தேறி, வேலைக்குப் போய், மூன்று மாகாண மொழிகளில் எலும்புக்கூடு விற்று, இப்போது கல்யாணமும் செய்துகொள்ளப் போகிறேன். சந்தோஷம்தான். ஆனால் இத்தனையையும் ஊசிக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் ஓடி ஓடிச் செய்திருக்கிறேன். களைப்பு என்றால் அப்படி ஒரு களைப்பு.

வியாழக்கிழமை திருப்பதியில் வெயில் மண்டையைப் பிளந்தது. மதராஸில் மாலையானால் கடற்காற்று வரும். இங்கே மலைப்பாறை பகல் முழுவதும் வாங்கிய சூட்டைச் சாயங்காலம் திருப்பிக் கொடுக்கிறது. தெருவெல்லாம் மொட்டைத் தலைகள், சந்தனம் பூசியவை, பூசாதவை. தங்கின விடுதியில் என் விளக்கைப் பற்றவைத்துக் குழாயைக் காய்ச்சினேன். வாசனை பக்கத்து அறைக்குப் போயிற்று. கடப்பைப் பக்கத்து வியாபாரி ஒருவர் வந்து எட்டிப்பார்த்து, என்ன கஷாயம், மூலத்துக்குக் கேட்குமா என்று தெலுங்கில் விசாரித்தார். கேட்காது என்றேன். தனக்கும் கொஞ்சம் தரக்கூடாதா என்று வருத்தப்பட்டுக்கொண்டே போனார்.

சாப்பாடு மோசமில்லை. ராகி சங்கடி என்று கேழ்வரகுக் களியை உருண்டையாக வைத்து நடுவில் குழி செய்து கீரைக்குழம்பு ஊற்றினார்கள். என் உடம்புக்கு ஒத்துக்கொள்ளும் பண்டம். மதராஸ் ஓட்டலில் கேட்டால் முகத்தைச் சுளிப்பார்கள். பள்ளிக்கூடத்தில் எலும்புக்கூடு ஒன்று விலைபோயிற்று. ஆசிரியர் கழுத்தெலும்புகளை விரலால் தொட்டு எண்ணிப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமைதான் விவகாரம். சித்தூருக்குப் பாகாலாவில் வண்டி மாறவேண்டும். பாகாலா வண்டி தாமதம், சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று ஸ்டேஷனில் சொன்னார்கள். நம்பினேன். வெயிட்டிங் ரூமில் ஊசி போட்டுக்கொண்டு சாப்பாட்டுக் கடைக்கு நடக்கிறேன், வண்டி வந்து நிற்கிறது. ஊசி போட்டால் சாப்பிட்டே ஆகவேண்டும். இல்லாவிட்டால் மருந்து ரத்தத்திலிருக்கும் சர்க்கரையை எல்லாம் துடைத்துவிடும். ஆனாலும் பயப்படவில்லை. இப்படிப்பட்ட நேரத்துக்கென்று ஒரு பொட்டலம் வெல்லம் எப்போதும் வைத்திருப்பேன். பாகாலா போய்ச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று ஏறினேன்.

ஏறி உட்கார்ந்து பொட்டலத்தை எடுத்து மடியில் வைத்தேன். ஜன்னல் வழியாக ஒரு குரங்கு கை நீட்டி எடுத்துக்கொண்டு போயிற்று. அவ்வளவுதான். ஓடவுமில்லை, பல்லைக் காட்டவுமில்லை. பிளாட்பார விட்டத்தின்மேல் உட்கார்ந்து பொட்டலத்தை நிதானமாகப் பிரித்தது. வண்டி நகர்ந்துவிட்டது. கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், எனக்குத் தெரிந்த காரணத்தால் கொஞ்சம் குறைவாக.

பாகாலாவுக்கு முன்னால் ஒரு பொட்டல் வெளியில் வண்டி நின்றுவிட்டது. பட்டாளத்து ஸ்பெஷல் ஒன்று போகவேண்டுமாம். போகவில்லை. கார்டு கீழே இறங்கி நிழலில் உட்கார்ந்தார். சுற்றிலும் கல்லும் முள்ளும். முதலில் உதடு மரத்தது. பிறகு வேர்வை, கைநடுக்கம். எதிரில் இருக்கிறவர் முகம் இரண்டாகத் தெரிந்தது. யாரிடமாவது தின்னக் கேட்கவேண்டும் என்று தெரிகிறது, வாய் குழறுகிறது. "மதராஸ்காரன், குடித்திருக்கிறான்" என்று ஒருவர் தெலுங்கில் சொன்னார். கள்ளுக்கடைகளை மூடிவிட்ட ஜில்லாவில் எங்கே கிடைத்தது என்று இன்னொருவர் ஆவலோடு கேட்டார்.

பக்கத்தில் ஒரு நடுவயது அம்மாள், புதிதாக மொட்டையடித்த தலையோடு, மடியில் ஓலைப்பெட்டி வைத்திருந்தாள். நான் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. அதில் லட்டு இருக்கிறது என்று வாசனை சொல்லிற்று. கையை நீட்டினேன். இது வீட்டிலிருக்கும் ஓரகத்திக்கு, கொண்டுபோகாவிட்டால் வருஷம் முழுக்கப் பேசுவாள் என்றாள். நீட்டிய கையை என்னால் மடக்க முடியவில்லை. அவள் என் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, "வேண்டுதல் பாக்கி வைத்திருக்கிறாயா என்ன, இப்படி நடுங்குகிறாய்" என்று கடிந்துகொண்டே பெட்டியைத் திறந்தாள். ஒரு முழு லட்டு. நான் உட்கார்ந்து தின்றேன் என்று சொல்வது மரியாதைக்கு. கையில் ஒட்டியதையும் நக்கினேன்.

சாமிக்குப் படைத்த பண்டத்தை எங்கள் சபை ஆட்கள் தொடமாட்டார்கள். அது அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் இல்லாமல் இல்லை. நன்றாக ஞாபகம் இருந்தது. தின்றேன். கொஞ்ச நேரத்தில் முள்ளுச்செடிகள் தனித்தனியாகத் தெரிந்தன. எதிர்மூலையில் ஒருவர் குடையைக் கால்களுக்கு நடுவில் நிறுத்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்ததும் தெரிந்தது. அந்த அம்மாளுக்குக் கும்பிடு போட்டேன். ஓரகத்தியிடம் என்ன சொல்வது என்ற கவலையில் அவள் அதைக் கவனிக்கவில்லை.

பாகாலா போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது, சித்தூர் வண்டியும் போய்விட்டது. கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கித் தின்றுவிட்டு ஸ்டேஷனிலேயே படுத்தேன்.

சனிக்கிழமை காலையில் சித்தூருக்குக் கரிவண்டி. பெட்ரோல் கிடைக்காததால் பஸ்ஸின் முதுகில் அடுப்பு ஒன்றைக் கட்டி, கரியைப் போட்டு, அந்தப் புகையில் ஓட்டுகிறார்கள். மதராஸ் கரிவண்டி சமதரையில் ஓடுவதால் அதற்கு ஒரு கௌரவம் உண்டு. இங்கே மேடு வந்தால் எல்லாரும் இறங்கித் தள்ளவேண்டும். நானும் தள்ளினேன். முதல் நாள் அப்படிக் கிடந்தவன் மறுநாள் பஸ் தள்ளுகிறான் என்றால் யார் நம்புவார்கள்? உடம்பு இப்படித்தான். ஒரு லட்டில் போகிற உயிர், ஒரு லட்டில் வருகிறது. மேட்டில் நின்று மூச்சு வாங்கும்போது சட்டையெல்லாம் கரி.

எஸ்தரின் அப்பா தானியேல் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார், சபை மூப்பர். அந்தக் கோலத்தில் என்னைப் பார்த்ததும் முதலில் தண்ணீர்த் தொட்டியைக் காட்டினார். மாம்பழக் காலம். கூடத்தில் வைக்கோல்மேல் மாம்பழம் பரப்பியிருந்தது; வீடே மணத்தது. எஸ்தரின் அம்மா தட்டு நிறைய அரிந்து கொண்டுவந்து வைத்தார்.

"வேண்டாங்க அத்தை."

"ஒரு வாயி துன்னா இன்னா ஆயிடும்? நம்ம தோட்டத்து பழம். சக்கரைகூட இல்ல, பழந்தானே."

பழத்திலும் சர்க்கரைதான் இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, அதற்காகச் சோற்றில் எவ்வளவு குறைக்க வேண்டும் என்று மனக்கணக்குப் போட்டேன். கதவுக்கு அந்தப் பக்கம் எஸ்தர் நின்றிருந்தாள். அவளை நான் அதற்குமுன் பார்த்தது ஒரு தடவை. பேசியது நாலைந்து வார்த்தை இருக்கும். நான் சோற்றைக் குறைத்ததை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பிட்ட பிறகு தானியேல் மாமா தொண்டையைச் செருமினார். "தம்பி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்த ஊசி போட்டுக்கினா செரியாப் பூடுது இல்ல?"

"ஊசி இருக்கிறவரைக்கும் மத்தவங்க மாதிரிதான் மாமா. வேலை, பிரயாணம் எல்லாம் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

"அது போதும். எனக்கு ஒரே பொண்ணு."

ரயிலில் நடந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் முழங்கால் படியிட்டு ஜெபத்தைத் தொடங்கிவிட்டார். ராஜா, யுத்தம், மழை, கவர்னர் எல்லாருக்கும் வேண்டிக்கொண்டு என் நோய்க்கு வருவதற்குள் எனக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றியது. ஆமென் சொல்லி எழுந்ததும் அவர் படுக்கப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் உட்கார்ந்தேன். ஆண்களுக்குப் பெஞ்சு, பெண்களுக்கு அந்தப் பக்கம் பாய். போதகரை இங்கே ஐயர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஓலையை வாசித்தார். மதராஸ் சபையைச் சேர்ந்த சாமுவேலும் இந்தச் சபையைச் சேர்ந்த எஸ்தரும் விவாகம் செய்துகொள்ளப் போகிறார்கள், தடை அறிந்தவர் சொல்லலாம், இது மூன்றாம் ஓலை. வாசித்துவிட்டு வழக்கம்போலப் பக்கத்தைத் திருப்பப் போனார்.

"தடை கீது ஐயரே."

எழுந்தவரைத் திரும்பிப் பார்த்தேன். ரயிலில் எதிர்மூலையில் இருந்தவர். கையில் அதே குடை. ஆசீர்வாதம் என்று பெயர், புளி வியாபாரம் என்று பிறகு தெரிந்தது.

"வெள்ளிக்கெழம ரயில்ல இந்தத் தம்பி திருப்பதிப் படையல வாங்கித் துன்னாரு. யாருன்னு அப்பத் தெரியாது. இப்ப முன்னால குந்திக்கினு கீறாரு. மனசு கேக்கல, சொல்லிட்டேன்."

பாய்ப்பக்கம் சலசலப்பு. ஐயர் என்னைப் பார்த்தார். "மெய்யா தம்பி?"

"மெய்தான் ஐயரே."

எனக்குப் பின்னாலிருந்து யாரோ நல்ல மனதோடு, "தெரியாம துன்னுட்டிருப்பாரு, பட்டணத்துப் புள்ள" என்றார்கள். ஐயரும் அதைப் பிடித்துக்கொண்டு, "தெரியாமத்தானே?" என்று கேட்டார். தலையை ஆட்டினால் போதும், அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார்கள். நான் தலையை ஆட்டவில்லை. அது பெரிய யோக்கியதை என்று நினைக்கவேண்டாம். இன்னொரு பொய்யை ஞாபகம் வைத்துக்கொண்டு பேணிக் காப்பாற்ற எனக்குத் தெம்பில்லை. இருக்கிற ஊசியும் விளக்குமே போதும்.

"தெரிஞ்சுதான் தின்னேன்" என்றேன். எழுந்து நின்று சொன்னேன். மருந்து போட்டபின் சாப்பாடு கிடைக்காவிட்டால் என்ன ஆகும், உதடு எப்படி மரக்கும், நாக்கு எப்படிக் குழறும், அதற்குமேல் போனால் நினைவு தப்பும், யாரும் கவனிக்காவிட்டால் உயிர் போகும், அன்றைக்கு எவ்வளவு தூரம் போயிருந்தது என்று எல்லாம். சின்ன வயதிலிருந்து இந்த ஆபத்தை மறைத்து மறைத்து ஆரோக்கியசாலி மாதிரி நடந்திருக்கிறேன். அந்தக் கோவிலில் அத்தனை பேர் முன்னால் உரித்து வைத்தேன்.

ஐயர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். உயிர் போகிற வேளையில் ஆகாரமாக உண்டதை ஆராதனையாகக் கணக்கிட முடியாது, இது விவாகத்துக்குத் தடையுமல்ல என்றார். ஆசீர்வாதத்தின் முகம் அப்படியே மாறிப்போயிற்று. "ஐயோ, நோவுன்னு தெரிஞ்சிருந்தா நானே எறங்கி ஓடிப்போய் எதுனா வாங்கியாந்திருப்பனே. அம்மாம் பெரிய சீக்கா தம்பி ஒனக்கு?" என்றார். பாய்ப்பக்கமிருந்து உச்சுக் கொட்டும் சத்தம் கேட்டது. குற்றவாளியாக நின்றபோதுகூட எனக்கு இவ்வளவு அவமானமாக இல்லை.

தானியேல் மாமாவைப் பார்த்தேன். அவர் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

ஆராதனை முடிந்து கோவிலுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கோபமாகப் பேசியிருந்தால் தேவலை. மெதுவாகப் பேசினார்.

"ஐயரு ஒத்துக்கினாரு. சபையும் ஒத்துக்கிச்சி. எனக்குத்தான் நெஞ்சு ஒத்துக்கல. அந்தம்மா லட்டு குடுக்காங்காட்டி?"

"செத்திருப்பேன் மாமா."

"இந்த மாரி அடிக்கடி வருமா?"

"அடிக்கடி இல்லை. ஆனா வரும். எப்பன்னு சொல்ல முடியாது."

"நேத்து கேட்டப்ப மத்தவங்க மாரின்னியே."

"நடுவுல இருக்கிற நாளெல்லாம் அப்படித்தான் மாமா."

அவர் மரத்தில் கையை ஊன்றிக்கொண்டார். கல்யாணத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம் என்றார். எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை. தள்ளிப்போடுவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். வேலை கேட்ட இடங்களில் அதே வார்த்தையைக் கேட்டிருக்கிறேன். "உங்க இஷ்டம் மாமா" என்றேன். அவர்மேல் எனக்கு வருத்தமே இல்லை. எனக்கு ஒரு பெண் இருந்து, என்னைப்போல ஒருவன் வந்து கேட்டால் நானும் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பேன். மாலை வண்டிக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன்.

எஸ்தர் வந்ததை நாங்கள் இருவரும் பார்க்கவில்லை. பெண்கள் கூட்டத்திலிருந்து தனியாக நடந்து வந்து அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றாள். முக்காடு நழுவியிருந்தது, அதை அவள் சரிசெய்யவில்லை. என்னிடம்தான் பேசினாள்.

"நெனப்பு தப்பிடும்னீங்களே. அப்ப வாய் தெறக்க முடியாதே, எப்பிடி ஊட்றது?"

டாக்டர்கள் கேட்டிருக்கிறார்கள், உறவுக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். எப்படி வந்தது, எப்போது போகும், பரம்பரையா என்று. இதை யாரும் கேட்டதில்லை.

"ஊட்டக்கூடாது. தண்ணியும் ஊத்தக்கூடாது, பொரை ஏறிடும். ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, வெல்லத்தைக் கொழைச்சுக் கன்னத்துக்கு உள்பக்கம் விரலால தடவணும்."

"பல்லு கிட்டிக்கினு இருந்தா?"

"பல்லுக்கு வெளியில, உதட்டுக்கு உள்ள தடவினா போதும். கொஞ்சம் கொஞ்சமா."

"விரலக் கடிச்சிடுவீங்களா?"

"கடிக்கலாம். எனக்குத் தெரியாது அப்ப."

அவள் தன் வலது கையைத் திருப்பி விரல்களைப் பார்த்தாள். தானியேல் மாமா அவள் தோளைத் தொட்டார். "எஸ்தரு, அவசரப்படாத. நல்லா யோசிச்சிக்கோ."

"யோசிச்சிக்கினுதான் நைனா கேக்கறேன்" என்றாள்.